போன வருடத்தில் நின்ற குரு

ஹரிஷ்குமாருக்கு முழுசாக முடிந்த பொருள் எதுவும் பிடிக்காது. கடைக்கு வந்துவிட்ட சாமான் என்றால் அவருக்கு அது பழசு. இன்னும் வராதது, வரப்போகிறது என்று பேச்சு அடிபடுவது, அதன் மேல்தான் அவருக்கு உயிர். எங்கள் வீட்டு மாடி அறைக்குக் குடிவந்த நாளிலிருந்து நானும் பார்க்கிறேன், அவர் வாங்கிய எதுவும் ஒரு மாதம் நிம்மதியாக இருந்ததில்லை. ஓசூர் ரோட்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. அதாவது, மற்றவர்கள் எழுதியதில் தப்பு கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். என் அம்மா சம்பளமில்லாமல் செய்கிற வேலைக்கு இவருக்கு மாதச் சம்பளம் கொடுத்தார்கள்.

எங்கள் வீடு ஈஜிபுராவில். தெருவைப் பார்த்த முன்னறைதான் கடை. ஃபேக்டரி வேலையிலிருந்து வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வந்த அப்பா, ‘கம்ப்யூட்டர் ஜாதகம், திருமணப் பொருத்தம், தமிழ் டைப்பிங், லேமினேஷன்’ என்று போர்டு மாட்டினார். சண்முகம் என்கிற அவர் பெயரும் கீழே சின்னதாக இருக்கும். அப்பாவுக்கு ஜோசியம் தெரியாது. அதை அவர் ஒரு குறையாகவே நினைத்ததில்லை. காலையில் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு, வருகிறவர்களிடம், “மனுஷன் கணக்குல தப்பு வரும். மிஷின்ல வராது” என்பார். பிறந்த தேதியும் நேரமும் ஊரும் அவர் கேட்டுச் சொல்ல, அவர் மகள் நான் தட்டுவேன். பிரிண்டர் கரகரவென்று பன்னிரண்டு கட்டத்தையும் போட்டு, கல்யாணம் எப்போது, வீடு எப்போது என்று பலனும் அடித்துத் தள்ளும். நான் பி.எஸ்ஸி. படித்தது இதற்குத்தான்.

அந்தக் கம்ப்யூட்டரைக் கட்டிக் கொடுத்ததே ஹரிஷ்தான். எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் போர்டு, இன்னொரு சந்தில் கேபினெட், மூடிப்போன ஏதோ டாட்காம் கம்பெனி ஏலத்தில் மானிட்டர் என்று ஞாயிறு ஞாயிறாக அலைந்து சேர்த்தார். பெட்டியின் பக்கவாட்டு மூடியை மட்டும் அவர் திருகவே மாட்டார். திருகினால் அடுத்த வாரம் நோண்டுவதற்குக் கழற்ற வேண்டுமே.

அது ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. ஒழுங்காக ஓடுகிற மிஷினைப் பார்த்தால் ஹரிஷுக்குக் கை அரிக்கும். 2001 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையில் ஒரு சிடியோடு இறங்கி வந்தார். மேலே மார்க்கர் பேனாவால் ‘பீட்டா’ என்று எழுதியிருந்தது.

“அங்கிள், புது சிஸ்டம். நம்ம மிஷின்ல போட்டுடலாமா?”

“கடைல விக்கிறதா தம்பி?”

“இன்னும் விக்கல அங்கிள். இந்த வருஷக் கடைசிலதான் வரும். அதுக்கு முன்னாடி சும்மா ஓட்டிப் பாத்துத் தப்பு சொல்லுங்கன்னு கொஞ்ச பேருக்குக் குடுத்திருக்காங்க.”

“கொஞ்ச பேருன்னா?”

“ஈஜிபுரால நாம மட்டும்தான்.”

அப்பா அந்த இடத்தில் விழுந்தார். ஈஜிபுராவில் நாம் மட்டும்தான் என்று யாராவது சொன்னால் அவர் கிணற்றில்கூடக் குதிப்பார். பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மானிட்டர் மேல் ஒரு எலுமிச்சம்பழத்தையும் ஏற்றினார். அம்மா மங்களம் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “ஓடற மிஷின எதுக்கு நோண்டறீங்க?” என்றாள். 

பகல் முழுக்கத் திரையில் ஒரு கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. முடிந்து திறந்தபோது திரை முழுக்கப் பச்சையும் நீலமுமாகக் கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. பிரிண்டர் மட்டும் வேலை செய்யவில்லை. ஒரு வாரம் ஹரிஷ் ஆபீஸ் விட்டு வந்து மேஜைக்கு அடியிலேயே கிடந்தார். அந்த ஒரு வாரம் நான் டார்ச் பிடித்தேன், காபி கொடுத்தேன், திட்டினேன். பிரிண்டர் சரியானதும் எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. எனக்கு ஹரிஷைப் பிடித்திருந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. அவருக்கும் என்னைப் பிடித்திருந்தது. அவருக்குச் சுற்றி வளைத்துச் சொல்லக்கூட வரவில்லை.

பீட்டாவுக்கு ஆயுசு உண்டு என்பது எங்களுக்கு ஜூலை கடைசியில்தான் தெரிந்தது. ஒருநாள் காலையில் கடையைத் திறந்து ஸ்விட்ச் போட்டால், காலம் முடிந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. பெஞ்சில் ஒரு அம்மாள் ஜாதகத்துக்காகக் காத்திருக்கிறார். நான் மாடிக்குக் குரல் கொடுத்தேன். முகத்தில் பாதி ஷேவிங் நுரையோடு ஹரிஷ் இறங்கி வந்து, ஏதோ இரண்டு பொத்தானை அழுத்தி, கம்ப்யூட்டரின் உள் செட்டிங்குக்குள் போய், தேதியைச் சரியாக ஒரு வருடம் பின்னால் தள்ளி வைத்தார். கம்ப்யூட்டர் ஒன்றும் நடக்காதது போலத் திறந்துகொண்டது.

“அவ்ளோதான். இன்னும் போன வருஷம்னு நெனச்சுட்டு இருக்கும். அக்டோபர்ல முழு சிஸ்டம் வந்ததும் மாத்திடலாம்” என்றார்.

“தேதி தப்பாக் காட்டுமே தம்பி?” என்றார் அப்பா.

“மூலைல சின்னதாத்தான் அங்கிள் காட்டும். யாரு பாக்கப் போறாங்க? நமக்குதான் சுவத்துல காலண்டர் இருக்கே.”

அதுவும் சரிதான் என்று எல்லாருக்கும் பட்டது. அப்போது ஆடி மாதம். ஆடியில் யாரும் கல்யாணம் பேச மாட்டார்கள். ஆனால் ஆவணி பிறந்ததும் பேசுவதற்குத் தோதாக ஜாதகத்தை ஆடியிலேயே போட்டு வைத்துக்கொள்வார்கள். எங்களுக்கு அதுதான் சீசன். பிரிண்டர் ஓயவில்லை.

ஆவணி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஹரிஷ் சட்டையை இன் பண்ணிக்கொண்டு கீழே வந்தார். அதைப் பார்த்ததுமே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கம்பெனி அவரை இரண்டு வருடத்துக்கு மலேசியா அனுப்புகிறது, செப்டம்பர் கடைசியில் கிளம்ப வேண்டும். போவதற்குள் நிச்சயம் செய்துவிட வேண்டும் என்று குடியாத்தத்தில் இருக்கிற அவர் அம்மா பிடிவாதம் பிடிக்கிறார். அங்கே ஒரு பெண்ணும் பார்த்து வைத்திருக்கிறார்.

“ஆனா அங்கிள், எனக்கு...” என்று சொல்லி ஹரிஷ் மேஜை மேல் இருந்த லேமினேஷன் கவர்களை அடுக்க ஆரம்பித்தார். “எனக்கு சிந்துவக் கட்டிக்கணும். அம்மாகிட்ட சொல்லிட்டேன். உங்க பக்கம் சரின்னா வந்து பேசறேன்னாங்க. இல்லன்னா அந்தப் பொண்ணுதான்னும் சொல்லிட்டாங்க.”

அப்பா அந்தக் கவர்களை வாங்கி வைத்தார். அம்மா அதற்குள் நாலு கேள்வி கேட்டு, ஹரிஷின் பெரியம்மா வழியில் எங்களுக்கு ஏதோ ஒரு தூரத்து உறவையும் கண்டுபிடித்துவிட்டாள். அந்தச் சிந்துவான என்னை யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாதபடி என் முகமே பதில் சொல்லியிருக்க வேண்டும்.

“ஜாதகம் பாத்துட்டுச் சொல்றேன்” என்றார் அப்பா.

என் ஜாதகத்தை நானே தட்டினேன். பெண்ணுக்குக் குருபலம் இருந்தால்தான் எங்கள் பக்கம் கல்யாணப் பேச்சை எடுப்பார்கள். குரு வருடத்துக்கு ஒருமுறை ராசி மாறுவார். போன வருடம் இல்லாத பலம் இந்த வருடம் வரலாம், இருந்த பலம் போகலாம். நான் ரிஷப ராசி. பிரிண்டர் கரகரத்து நின்றதும் அப்பா தாளைக் கிழித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கல்யாணப் பக்கத்தை வாய்விட்டுப் படித்தார்.

“தற்சமயம் குரு ஜென்ம ராசியில் சஞ்சரிக்கிறார். குருபலம் இல்லை. அடுத்த குருப்பெயர்ச்சிக்குப் பின் திருமணம் கைகூடும்.”

“அடுத்த பெயர்ச்சியா?” என்றாள் அம்மா. “என்னங்க சொல்றீங்க? இந்த ஆனிலதான பெயர்ச்சி ஆச்சு? நா கோயிலுக்குப் போய்க் கொண்டக்கடலை மாலை போட்டுட்டு வரல? சுண்டல்கூடத் தின்னீங்களே. குரு மிதுனத்துக்குப் போயாச்சு. ரிஷபத்துக்கு ரெண்டாம் எடம். பேஷா பலம் இருக்கு.”

“நீ சுண்டல வெச்சு சொல்ற. இது கணக்கு வெச்சு சொல்லுது.”

“அந்தக் கணக்குக்குக் கோயில் குருக்களவிட ஜாஸ்தி தெரியுமா?”

“மங்களம், ஊருக்கெல்லாம் மிஷின் பொய் சொல்லாதுன்னுட்டு, எம் பொண்ணுக்கு மட்டும் சொல்லிச்சுன்னு நா எப்படிச் சொல்றது?” அப்பா தாளை மடித்தார். “தம்பி, அடுத்த வருஷம் பாக்கலாம். அதுக்குள்ள உங்கம்மா வேற முடிவு எடுத்தா, அது அவங்க இஷ்டம்.”

ஹரிஷ் தலையை ஆட்டிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். ஒரு வார்த்தை வாதாடவில்லை. எனக்கு அப்பாவின் மேல் வந்த கோபத்தைவிட இவர் மேல் அதிகமாக வந்தது. கம்பெனியில் அத்தனை பேரிடம் குறை சொல்லத் தெரிந்த மனிதருக்கு இங்கே வாய் எங்கே போனது?

கம்ப்யூட்டரை அணைக்கப் போனபோதுதான் மூலையில் இருந்த தேதி என் கண்ணில் பட்டது. 2000, ஆகஸ்ட். அம்மா சொன்னது முதுகில் ஓங்கி அடித்தது போல உறைத்தது. இன்றைக்கு என்ன தேதி என்று பார்த்துத்தான் அந்த ஜாதக புரோகிராம் குரு எங்கே இருக்கிறார் என்று கணக்குப் போடும். மிஷின் பொய் சொல்லவில்லை. போன வருடத்து உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற கயிற்றுக்குக் கீழே ஹரிஷ் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஜாதகத்தில் அ-னா ஆ-வன்னா தெரியாது.

“குருன்னா என்ன சிந்து? எங்க இருக்காரு இப்ப?”

“மிதுனத்துல இருக்காரு. நீங்கதான் ரிஷபத்துல நிறுத்தி வெச்சிருக்கீங்க.”

நான் விளக்கிச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு ஷேவ் செய்த அன்றைக்கு என்ன செய்தோம் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்து முகம் வெளுத்தார்.

“சரியான தேதி வெச்சா சிஸ்டமே தெறக்காதே” என்றார்.

நான் அதையும் யோசித்துவிட்டுத்தான் மேலே வந்திருந்தேன். “ஒரு வருஷம் எதுக்குத் தள்ளணும்? ஒரு மாசம் தள்ளினாப் போதும். ஜூலை பத்துன்னு வைங்க. சிஸ்டமும் தெறக்கும், குருவும் மிதுனத்துல இருப்பாரு. பிரிண்ட் சரியா விழலன்னு சொல்லி நா இன்னொரு காப்பி எடுத்து அப்பாகிட்ட குடுக்கறேன். நாளைக்கே உங்கம்மாவ வரச் சொல்லுங்க.”

கச்சிதமான யோசனை. இன்றைக்கும் எனக்கு அதில் ஒரு பெருமை உண்டு. ஆனால் ஹரிஷ் எழுந்து தண்ணீர்த் தொட்டிவரை நடந்து திரும்பி வந்தார்.

“மத்தவங்க பேப்பர்?”

“எந்த மத்தவங்க?”

“இந்த மூணு வாரமா போட்டீங்களே. அவங்களுக்கும் போன வருஷந்தான போயிருக்கும். பலம் இருக்கறவங்களுக்கு இல்லன்னும், இல்லாதவங்களுக்கு இருக்குன்னும்.”

“இப்ப நம்ம விஷயத்த மொதல்ல பாருங்க.”

“நம்ம விஷயத்துக்கு மட்டும் சரி பண்ணிட்டு அதுங்கள அப்படியே விட்டா, நா என்ன டெஸ்டிங் வேல பாக்கறேன்? அங்கிள்கிட்ட சொல்லிடறேன்.”

“சொன்னா அப்பா என்ன சொல்வாரு தெரியுமா? எங் கடைத் தேதியத் தள்ளி வெச்சவனுக்கு எம் பொண்ணு எதுக்குன்னு கேப்பாரு.”

“கேட்டா கேக்கட்டும்” என்றார்.  உடனே கீழே இறங்கினார். படியில் அவர் பின்னால் போகும்போது எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கட்டினால் இந்த மடையனைத்தான் கட்ட வேண்டும் என்று நான் முடிவு செய்ததும் அந்தப் படியில்தான்.

அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.  

“இந்தக் கடைல என்ன இருக்கு தம்பி? மேஜ, பெஞ்சு, அந்தப் பொட்டி. மிச்சமெல்லாம் எம் பேச்சுதான். அத நம்பித்தான் சனம் வருது” என்றார் அப்பா. பிறகு என் பக்கம் திரும்பி, “யார் யாருக்குப் போட்டோம்னு மிஷின்ல இருக்கில்ல? எல்லாருக்கும் புதுசு போட்டு நேர்ல கொண்டு போய்க் குடுக்கணும். நம்ம வீட்டுது கடைசில. கல்யாணப் பேச்செல்லாம் அப்பறம்” என்றார்.

பிறகு ஹரிஷ் தன் கையாலேயே தன் பீட்டாவை அழித்தார். வாடிக்கையாளர் பட்டியலை முதலில் பிரிண்ட் எடுத்து வைத்துவிட்டு, பழைய சிஸ்டம் சிடியைத் தேடி எடுத்து வந்து, ஹார்ட் டிஸ்க்கைத் துடைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து போட்டார். பச்சையும் நீலமும் போய்ப் பழைய சாம்பல் நிறம் வந்தது. அப்பா சுவர்க் காலண்டரைக் கழற்றிக் கொண்டுவந்து திரைக்குப் பக்கத்தில் பிடித்துத் தேதியைச் சரிபார்த்தார். வாசலில் போன பால்காரரையும் கூப்பிட்டு இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் என்னை விசைப்பலகையைத் தொட விட்டார்.

அடுத்த ஞாயிறு, நாள் முழுக்க ஒரு ஆட்டோவைப் பேசிக்கொண்டு கிளம்பினோம். யார் வீடு எங்கே என்று எனக்குத்தான் தெரியும் என்பதால் நான். குற்றவாளி என்பதால் ஹரிஷ். அப்பா நடுவில் உட்கார்ந்துகொண்டார்.

முதலில் முத்தம்மா வீடு, பக்கத்துத் தெருவில்தான். அவர் மகன் தையல்காரர். அவர்கள் பக்கம் பையனுக்கும் குருபலம் பார்ப்பார்கள், அது இல்லை என்று போன தடவை சொல்லியிருந்தோம். இருக்கிறது என்றதும் முத்தம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேசரி கிளறப் போய்விட்டார். தப்பு எப்படி வந்தது என்று ஹரிஷ் சொல்ல ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை. மகன் எங்களோடு உட்கார்ந்து கேசரி சாப்பிட்டுவிட்டு, ஹரிஷின் சட்டைக் கை நீளம் என்று சொல்லி அளவு எடுத்துக்கொண்டார்.

பொம்மனஹள்ளியில் நேர் எதிர். முனிகிருஷ்ணன் என்பவரின் மகள் எம்.காம். படித்துக்கொண்டிருந்தாள். பலம் இல்லை என்கிற எங்கள் தாளைக் காட்டித்தான் அவள் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட்டிருக்கிறாள். இப்போது பலம் இருக்கிறது என்று நாங்கள் வாசலில் போய் நின்றதும், காபி கொடுக்க வந்தவள் டம்ளரை ஹரிஷின் முன்னால் டொக்கென்று வைத்தாள்.

“உங்கள யாரு சார் சரி பண்ணச் சொன்னா?” என்று கேட்டாள்.

“படிப்பு முடிச்சிட்டுப் பண்ணலாம்மா, பலம் இன்னும் பத்து மாசம் இருக்கும்” என்றார் அப்பா. அவருக்கு ஜோசியம் தெரியாவிட்டாலும் இப்படியெல்லாம் சொல்லத் தெரியும்.

இன்னும் சில வீடுகள். சிலர் தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்கள், சிலர் பழைய தாள் எங்கே என்றே தெரியாமல் தேடினார்கள். ஒவ்வொரு வாசலிலும் ஹரிஷ், “தப்பு என்னோடதுதான், அங்கிளோடது இல்ல” என்று சொன்னார். ஒவ்வொரு தடவையும் அப்பா, “சரி சரி, உள்ள வா” என்றார். மூன்றாவது வீட்டிலிருந்து அவர் குரலில் கோபம் குறைந்து வருவதை நான் கவனித்தேன். ஆனால் என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் வரவில்லை. செப்டம்பர் வந்துகொண்டே இருந்தது.

கடைசி வீடு சந்தாபுராவில். அப்பா வேண்டுமென்றே அதைக் கடைசியாக வைத்திருந்தார். சந்தானம் என்கிற பள்ளிக்கூட வாத்தியார். மகள் வித்யாலட்சுமி, கன்னி ராசி, முப்பதைத் தாண்டியாயிற்று. வந்த வரன் எல்லாம் தட்டிப்போய்க்கொண்டே இருந்தது. ஆடியில் எங்கள் மிஷின் அவளுக்கு அருமையான குருபலம் என்று சொன்னது. அதை நம்பி, ஆவணி பிறந்ததுமே அவசரமாகப் பேசி முடித்திருந்தார்கள். உண்மையில், ஆனியோடு அவளுடைய பலம் போய்விட்டது. அதைச் சொல்கிற தாள் அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது.

வாசலில் ஷாமியானா சட்டங்கள் அடுக்கிக் கிடந்தன. உள்ளே நாலைந்து பெண்கள் தாம்பூலப் பை போட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் வித்யாலட்சுமி, ஏதோ சொல்லிவிட்டு எல்லாரையும் சிரிக்க வைத்துத் தானும் வாய்விட்டுச் சிரித்தாள். எங்கள் கடைப் பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த பெண் இவள்தானா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. அப்பா வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

சந்தானம் எங்களைப் பார்த்ததும் விறுவிறுவென்று வெளியே வந்து, அப்பாவின் கையைப் பிடித்துச் சுவரோரம் அழைத்துப் போனார்.

“சண்முகம் சார், எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும். காலைல நம்ம சிநேகிதர் முனிகிருஷ்ணன் போன் பண்ணாரு.”

“மன்னிச்சிருங்க சார். மிஷின்ல தேதி...”

“இருங்க. எனக்கு அப்பவே தெரியும்” என்றார் சந்தானம். “பஞ்சாங்கம் பாக்க எனக்கே தெரியும் சார். கன்னிக்குக் குரு பத்துல. பலம் இல்ல. நாலு ஜோசியர்கிட்ட போனேன், நாலு பேரும் அதையேதான் சொன்னாங்க. உங்க கம்ப்யூட்டர் ஒண்ணுதான் இருக்குன்னு சொல்லிச்சு. பிரிண்ட் ஆயி வந்தத எம் பொண்ணு படிக்கறா, அவ மூஞ்சியப் பாத்தேன். பத்து வருஷத்துல அவள நா அப்படிப் பாத்ததே இல்ல. சரி, இதையே நம்புவோம்னு முடிவு பண்ணிட்டேன்.”

அப்பாவின் இன்னொரு கை சட்டைப் பையில் இருந்த தாளின் மேலேயே இருந்தது. “மாப்ள வீட்ல?” என்றார்.

“மாப்ளையத் தனியா கூப்ட்டு உள்ளதச் சொன்னேன். அவரு சிரிச்சாரு. ‘எனக்கு வித்யா போதும் மாமா, எங்கம்மாவுக்கு மட்டும் உங்க கம்ப்யூட்டர் பேப்பரையே காட்டுங்க’ன்னாரு.” சந்தானமும் சிரித்தார். கண் கலங்கியிருந்தது. “அந்தப் பேப்பர் உங்ககிட்டயே இருக்கட்டும் சார். கல்யாணத்துக்கு மூணு பேரும் வரணும்.”

வித்யாலட்சுமி எங்களைப் பார்த்துவிட்டு ஓடி வந்து, தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்து அப்பாவிடம் நீட்டி, காலில் விழுந்து எழுந்தாள். அப்பா அவள் தலையில் கை வைத்து, “நல்லா இரும்மா” என்றார். அதையே இரண்டு தடவை சொன்னார். ஹரிஷ் வழக்கம் போல, “தப்பு என்னோட...” என்று ஆரம்பித்தார். அப்பா அவர் காலை மிதித்தார்.

 திரும்பும்போது லாரிகளுக்கு நடுவில் ஆட்டோ நெளிந்து நெளிந்து போனது. அப்பா பையிலிருந்த தாளை எடுத்து நாலாகக் கிழித்து மறுபடி பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார்.

“தம்பி, ஒங்கம்மா குடியாத்தத்துலேந்து வர்றதுன்னா பஸ்ஸா, ரயிலா?” என்று கேட்டார்.

ஹரிஷுக்குப் புரியவில்லை. “ரயில்தான் அங்கிள். எதுக்கு?”

“வெள்ளிக்கெழம வரச் சொல்லு.”

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த மனிதர் அப்போதாவது வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா இல்லையா? “அங்கிள், சிந்துவோட புது ஜாதகம் இன்னும் பிரிண்ட் எடுக்கலியே. அத மொதல்ல சரிபாத்துட்டு...” என்றார்.

“எடுக்க வேணாம்.”

“இல்ல அங்கிள், ஒருவேள அதுல...”

“என்ன வந்தா என்னய்யா?” என்றார் அப்பா. முதல் தடவையாக அவரை ‘தம்பி’ என்று சொல்லவில்லை. “எல்லார் வீட்டு வாசல்லயும் நின்னு என் தப்பு, என் தப்புன்னு சொன்ன பாரு. அத எந்த மிஷின் அடிச்சுக் குடுக்கும்? பேசாம வா.”

நான் அழுதுவிட்டேன். சத்தம் வராமல் அழத்தான் பார்த்தேன், முடியவில்லை. ஹரிஷ் அப்பாவுக்கு அந்தப் பக்கம் இருந்து என்னைப் பார்க்கக் கழுத்தை நீட்டினார். அப்பா அவர் முகத்தைத் தள்ளி நேராக வைத்தார். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்து வேகத்தைக் குறைத்தார்.

“ஏனாய்த்து சார்? மேடம் யாக்கே அள்த்தாரே?” என்று கன்னடத்தில், நான் ஏன் அழுகிறேன் என்று கேட்டார்.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, கன்னடத்திலேயே, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கிற குரலில் பதில் சொன்னார்.

“ஏனில்லப்பா. மகள மதுவே ஃபிக்ஸ் ஆய்த்து.”

என் கல்யாணம் நிச்சயமான செய்தியை அப்பா என்னிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொல்லவில்லை, முதன்முதலில் அந்த ஆட்டோக்காரரிடம்தான் சொன்னார். அவர் பொம்மனஹள்ளி சிக்னலில் வண்டியை நிறுத்தி, பின்னால் திரும்பி, ஹரிஷுக்குக் கை கொடுத்தார்.